குறுந்தொகை 46: சிட்டுக்குருவிப் பாட்டில் உவமை எது, படிமம் எது?

கேள்வி இதுதான்: குறுந்தொகையின் 46ஆம் பாட்டு பறவையைப் பற்றிய சிறிய இயற்கைப் பாட்டு; இதிலுள்ள படிமங்களையும் அணிகளையும் விளக்க வேண்டும். ‘அன்ன’ என்ற உருபு வந்திருக்கிறது, ஆகவே உவமையணி என்று ஒரு வரி எழுதலாம். அதற்கு மேல் என்ன எழுதுவது?

அதற்கு மேல்தான் பாட்டே இருக்கிறது. முதலில் பாட்டு. பாடியவர் மாமலாடன்.

ஆம்பற் பூவின் சாம்பல் அன்ன
கூம்பிய சிறகர் மனைஉறை குரீஇ
முன்றில் உணங்கல் மாந்தி மன்றத்து
எருவின் நுண்தாது குடைவன ஆடி
இல்இறைப் பள்ளித்தம் பிள்ளையொடு வதியும்
புன்கண் மாலையும் புலம்பும்
இன்றுகொல் தோழிஅவர் சென்ற நாட்டே.

பொருளைச் சுருக்கமாகச் சொன்னால்: வாடிய ஆம்பல் (அல்லி) பூவைப் போலக் குவிந்த சிறகுகளை உடைய, வீட்டில் வாழும் குருவிகள், முற்றத்தில் காயவைத்த தானியத்தைத் தின்று, ஊர்ப் பொதுவிடத்தில் கிடக்கும் எருவின் நுண்ணிய பொடியில் குடைந்து விளையாடி, வீட்டுக் கூரையின் இறவாரத்தில் உள்ள தம் இருப்பிடத்தில் குஞ்சுகளோடு தங்குகின்ற துன்பம் தரும் மாலைப் பொழுதும், தனிமையும், தோழி, அவர் போன நாட்டில் இல்லையோ?

பிரிவைத் தாங்க மாட்டாளோ என்று கவலைப்படும் தோழிக்குத் தலைவி, ‘தாங்கிக்கொள்வேன்’ என்பது படச் சொன்னது என்று பாட்டின் சூழலைக் காட்டும் பழைய துறைக்குறிப்பு சொல்கிறது. அங்கேயும் இப்படி ஒரு மாலை இருந்தால் அவராலும் இருப்புக்கொள்ளாது, திரும்பி வந்துவிடுவார் என்பது உள்ளே ஓடும் நினைப்பு.

அணியைத் தேடுவதற்கு முன் சொற்பொருளைச் சரிபார்க்க வேண்டும். இந்தப் பாட்டில் இன்றைய தமிழ் நம்மை ஏமாற்றும் இடங்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் சறுக்கினால், இல்லாத ஓர் அணி கைக்கு வந்து சேரும்.

முதலாவது ‘சாம்பல்’. அடுப்புச் சாம்பல் இல்லை. சாம்புதல் என்றால் வாடுதல், ஒடுங்குதல். அதிலிருந்து வந்த பெயர் இது. ‘பூவின் சாம்பல்’ என்றால் வாடிப்போன பூ. இதைச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு, ‘குருவியின் சாம்பல் நிறச் சிறகை ஆம்பலோடு ஒப்பிடுகிறார்’ என்று எழுதுவது அடிக்கடி கண்ணில் படும் பிழை. ஆம்பலுக்குச் சாம்பல் நிறம் கிடையாது. குருவியின் சிறகும் கருங்கோடுகள் ஓடிய பழுப்புதான். சாம்பல் நிறம் ஆண்குருவியின் உச்சந்தலையில்தான் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது ‘இன்று’. இந்த நாள் என்ற பொருள் இங்கே இல்லை. இல்லை என்பதே பொருள். ‘கொல்’ ஐயத்தைக் காட்டும் இடைச்சொல். ‘இன்றுகொல்’ என்றால் ‘இல்லையோ’. இந்தச் சொல் தவறினால் வாக்கியத்துக்குப் பயனிலையே கிடைக்காது, பாட்டு நடுவழியில் நின்றுவிடும்.

மூன்றாவது ‘புலம்பும்’. இதுதான் மிகவும் ஆபத்தானது. அழுது புலம்புவதாக எடுத்து, ‘மாலைப் பொழுது புலம்புகிறது, மனிதச் செயலை இயற்கைக்கு ஏற்றிச் சொல்லியிருக்கிறார்’ என்று எழுதிவிடுவார்கள். ‘புலம்பே தனிமை’ என்று தொல்காப்பிய உரியியல் பட்டென்று சொல்லிவிட்டது. ‘மாலையும் புலம்பும்’ என்பது ‘மாலையும் தனிமையும்’. இரண்டு பெயர்ச்சொற்கள், இரண்டு எண்ணும்மைகள். இங்கே யாரும் புலம்பவில்லை.

நான்காவது பதம் பிரிப்பதில் வரும் வினை. சீர் பிரித்து அச்சிட்ட பழைய முறையில் மூன்றாம் அடி ‘மன்றத்’ என்று முடிந்து, நான்காம் அடி ‘தெருவினுண் டாது’ என்று தொடங்கும். அதைப் பார்த்த கண் ‘தெரு’ என்றுதான் படிக்கும். தெருப்புழுதியில் ஆடும் குருவி என்று பொருளும் வந்துவிடும். மன்றத்து + எருவின் என்பதே சரி. ‘தாதெரு மன்றம்’ என்பது சங்கப் பாட்டுகளில் பழகிய தொடர். மாடுகள் வந்து நின்று போகும் பொதுவிடம், அவற்றின் சாணம் காய்ந்து மிதிபட்டுப் பொடியாகிக் கிடக்கும் இடம். தெரு என்று படித்தால் மாடும் போயிற்று, ஊரும் போயிற்று.

இந்த நான்கும் தெளிந்தபின் பாட்டை ஒரே வாக்கியமாகக் கூட்டிப் பாருங்கள். பயனிலை ‘இன்றுகொல்’. எது இல்லை? மாலையும் தனிமையும். எந்த மாலை? குருவிகள் தங்குகின்ற மாலை. ‘வதியும்’ என்பது பெயரெச்சம். அது போய் ஒட்டுவது ‘மாலை’ என்ற பெயரோடு. அதாவது முதல் ஐந்து அடிகள் முழுவதும் ஒரு சொல்லுக்கு அடைமொழி. குருவிப் பாட்டு என்று நாம் சொல்கிறோம். இலக்கணப்படி குருவி இந்தப் பாட்டின் எழுவாயே இல்லை. சீர்க் கணக்கும் அதையே காட்டும்: மொத்தம் 27 சீர்கள், 20 சீர்கள் குருவிக்கு, மீதி 7 சீர்கள்தான் தலைவியின் கேள்விக்கு. யார் பேசுகிறார், யாரிடம், எதற்கு என்பது கடைசி அடியில் ‘தோழி’ என்ற விளி வரும்வரை தெரியாது. அதுவரை ஏதோ ஒரு முற்றத்தில் உட்கார்ந்து குருவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்; திடீரென்று அது ஒருத்தியின் கண்வழியாகப் பார்த்தது என்று தெரிகிறது. இந்தத் தள்ளிப்போடுதல்தான் பாட்டின் முதன்மையான உத்தி என்பேன். அணிப் பட்டியலில் இதற்குப் பெயர் இல்லை என்பதால் விடைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

இனி உவமை. உவமையை விளக்கும்போது நான்கு உறுப்புகளைச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்ததுதான்: பொருள் குருவியின் சிறகு, உவமை ஆம்பல் பூவின் சாம்பல், உருபு ‘அன்ன’, நான்காவதான பொதுத்தன்மைதான் சிக்கல். ‘குவிந்திருத்தல்’ என்று ஒரு சொல்லோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். தொல்காப்பிய உவமவியல் முதல் நூற்பாவிலேயே கருவி தந்திருக்கிறது: ‘வினை பயன் மெய் உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்’. செயல், பயன், வடிவம், நிறம் என்ற நான்கில் எதனால் ஒப்பு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

மெய், அதாவது வடிவம்: ஆம்பல் பூ முடியும் காலத்தில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கி, நுனி கூர்ந்து குவிந்துகொள்ளும். குருவி சிறகை மடக்கும்போதும் இறகுகள் அப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, பின்பக்கம் நுனி கூர்ந்து முடியும். உரு, அதாவது நிறம்: வாடிய இதழில் பழுப்பு ஏறும், நரம்புகள் கருத்துக் கோடுகோடாகத் தெரியும். சிட்டுக்குருவியின் முதுகுப்புறச் சிறகைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வினை என்று பார்த்தால், ‘கூம்பிய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கூம்புதல் பூவுக்கு உரிய வினை, மலர்தலுக்கு எதிர்ச்சொல். அதைச் சிறகுக்குக் கொடுத்திருக்கிறார். உவமை ‘அன்ன’வோடு முடிந்தது போலத் தோன்றினாலும், அடுத்த அடியின் முதல் சொல்லில் பூவும் சிறகும் இன்னொரு முறை சேர்கின்றன. நான்காவதான பயன் இங்கே இல்லை. இல்லை என்றே எழுதிவிடலாம், வலிந்து சேர்க்க வேண்டாம்.

ஏன் வாடிய பூ? மலர்ந்த ஆம்பலைச் சொல்லியிருந்தால் விரித்த சிறகு, பறக்கும் குருவி வந்திருக்கும். இவருக்கு வேண்டியது ஒடுங்கிய குருவி. மூன்றே சொல் தள்ளி ‘மனைஉறை’ வரப்போகிறது. வாடலும் கூம்பலும் அதற்குத் தயார்செய்கின்றன. ஆம்பல் இரவில் மலரும் பூ, மாலை வரும்போது அது திறக்க வேண்டுமே, இவர் வாடலைச் சொல்கிறாரே என்று இன்னும் ஒரு படி போய்த் தலைவியின் வாட்டத்தோடு முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. போடலாம்தான். ஆனால் அதை ‘இப்படியும் எண்ண இடமுண்டு’ என்ற தொனியில் எழுதுங்கள். பாட்டில் நேராக இருப்பது சிறகின் தோற்றம் மட்டுமே.

‘மனைஉறை குரீஇ’ என்ற தொடரும் சும்மா வரவில்லை. குருவியின் பழைய வடிவம் குரீஇ. மனையில் உறைவது என்பதுதான் அதற்கு அடை. 1758இல் லின்னேயஸ் இதே பறவைக்கு வைத்த சிற்றினப் பெயரான ‘டொமெஸ்டிகா’வுக்கும் வீட்டைச் சேர்ந்தது என்றுதான் பொருள், இன்று பாஸ்ஸர் டொமெஸ்டிகஸ் என்கிறார்கள். எந்த ஊரில் பார்த்தாலும் இந்தப் பறவையைப் பற்றி முதலில் சொல்லத் தோன்றுவது இதுதான் போலும்.

3 முதல் 5 வரையுள்ள அடிகளில் உவமை கிடையாது, உருவகம் கிடையாது. அதனால் விடைகளில் இந்தப் பகுதிக்கு ‘இயற்கை வர்ணனை’ என்று பெயர்வைத்துத் தாண்டிவிடுகிறார்கள். பாட்டின் வளம் இங்கேதான். படிமம் என்று நாம் சொல்வது உவமையை மட்டும் குறிக்காது. ஐம்புலனில் ஒன்றுக்கு நேராகத் தட்டுப்படும் சொற்சித்திரம் எதுவும் படிமம்தான். பழைய அணி நூலில் பெயர் வேண்டுமென்றால் தன்மையணி: உள்ளதை உள்ளபடி, அதன் இயல்பு விளங்கச் சொல்வது. தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்லும்போது உவமைக்கும் முன்னால் முதலாவதாக வைத்தது இந்தத் தன்மையைத்தான்.

மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முன்றில், மன்றம், இல்இறை. வீட்டு முற்றத்திலிருந்து ஊர்ப் பொதுவிடத்துக்குப் போய், மறுபடி வீட்டுக் கூரைக்குத் திரும்புகிறது. மூன்று வினைகள்: மாந்தி, ஆடி, வதியும். வயிறாரத் தின்று, குளித்து, படுக்கை சேர்வது. வெயிலில் தானியம் உணங்கும் நேரத்தில் தொடங்கி இருட்டும் நேரத்தில் முடிகிறது. ஒரு முழு நாள் மூன்று அடிகளில் நகர்ந்துவிட்டது. ‘மாலை’ என்ற சொல் வரும்போது நாமும் மாலைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். மாலை என்று அறிவிக்கவே தேவையில்லாமல் செய்துவிட்டு, அதன்பிறகு அந்தச் சொல்லைப் போடுகிறார்.

நடுவில் உள்ள ‘எருவின் நுண்தாது குடைவன ஆடி’ என்ற நான்காம் அடியை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்பது பயன்தரும். குருவி மண்ணிலும் பொடியிலும் குளிக்கும். இறகில் மிகுந்துபோன எண்ணெய்ப் பசையையும் ஒட்டுண்ணிகளையும் போக்கிக்கொள்ள அது செய்யும் வேலை. உடம்பை அசைத்து அசைத்து மண்ணில் சிறு குழி பறித்து, அதில் அமர்ந்து பொடியை மேலே வாரி இறைத்துக்கொள்ளும். பெரும்பாலும் பல குருவிகள் சேர்ந்து. இதற்குப் புலவர் தேர்ந்தெடுத்த வினை ‘குடைதல்’. இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். துளைத்தல், தோண்டுதல் என்பது ஒன்று. நீரில் மூழ்கித் திளைத்தல் என்பது இன்னொன்று. சுனை குடைந்தாடுதல் என்று சங்கப் பாட்டில் பெண்கள் நீராடுவதற்கு வரும் சொல் அது. குழி பறிப்பது, குளிப்பது என்று குருவி ஒரே நேரத்தில் செய்யும் இரண்டையும் ஒரே சொல் பிடித்துவிட்டது. ‘தாது’ என்பதும் அப்படித்தான். பூந்தாதுக்கு வழங்கும் சொல்லைச் சாணப் பொடிக்குப் போட்டிருக்கிறார். அந்தப் பொடியின் நுண்மையும் மென்மையும் அதில் வந்துவிட்டன. முதலடியில் பூவைப் பார்த்த வாசகனுக்கு நான்காம் அடியில் பூவின் நினைப்பு லேசாகத் திரும்பியும் வருகிறது. அணியின் பெயரைச் சொல்லாமலே இவ்வளவும் எழுதலாம், எழுதவும் வேண்டும்.

‘குடைவன’ என்பதில் இன்னொரு செய்தியும் உண்டு. அது பலவின்பால் வடிவம். ‘குடைந்து’ என்று எச்சப் பொருளில் வருவதால் முற்றெச்சம். அடுத்த அடியில் ‘தம் பிள்ளை’ என்று வருகிறது. ‘தன்’ இல்லை, ‘தம்’. ஆகவே குரீஇ இங்கே பன்மை. ‘ஒரு சிட்டுக்குருவி தின்று, விளையாடி, கூடு திரும்புகிறது’ என்று எழுதினால் இலக்கணப் பிழை மட்டும் இல்லை, பாட்டே கெடும். ஆணும் பெண்ணுமாக, குஞ்சுகளோடு, கூட்டமாக அவை இருக்கின்றன, பார்த்துக்கொண்டிருப்பவள் ஒருத்தி. ‘புலம்பு’ என்ற தனிமை எதிரே நிற்பது இந்தப் பன்மைக்குத்தான்.

‘பள்ளி’யும் ‘பிள்ளை’யும் மனித வீட்டுக்கும் பொருந்தும் சொற்கள். பறவையின் இளமைக்குப் ‘பிள்ளை’ என்பது மரபுப்பெயரே; ‘பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை’ என்று தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. எனவே குருவியை மனிதராக்கியிருக்கிறார் என்று வாதிட முடியாது. மரபை மீறாமல், மனிதர் வாயிலும் புழங்கும் சொல்லாகத் தேர்ந்திருக்கிறார், அவ்வளவே. கேட்பவர் காதில் இரண்டும் ஒலிக்கும்.

இப்போது தின்று, குளித்து, உறங்கும் குருவிகளுக்கு எதிரில் தலைவியை வைத்துப் பாருங்கள். அவள் சாப்பிட்டாளா, உறங்கினாளா என்று பாட்டில் ஒரு சொல் கிடையாது. ஆனால் பிரிவில் இருப்பவளுக்கு என்ன நேரும் என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வரிசைப்படுத்தும்போது ‘உண்டியிற் குறைதல்’, ‘கண்துயில் மறுத்தல்’ இரண்டும் அதில் உண்டு. சங்கப் பாட்டைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது கேட்காமலே தெரியும். அவள் எதை இழந்திருக்கிறாளோ அதைத்தான் குருவியிடம் பார்த்திருக்கிறாள். வேறு எதையும் பார்க்கவில்லை. வர்ணனை எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதிலேயே பார்ப்பவரின் மனம் தெரிந்துவிடுகிறது.

இதை உள்ளுறை உவமம் என்று எழுதலாமா? கூடாது. உள்ளுறையில் கருப்பொருள் (பறவை, விலங்கு, மரம் போன்றவை) நிகழ்ச்சியின் ஒவ்வோர் உறுப்பும் மனித நிகழ்ச்சியின் ஒவ்வோர் உறுப்புக்கு ஒத்து வர வேண்டும். மருதப் பாட்டில் எருமை தாமரையை மேய்ந்துவிட்டுச் சேற்றில் படுத்திருக்கும் என்றால் எருமை யார், தாமரை யார், சேறு எது என்று சொல்ல முடியும். இங்கே குருவி தலைவனா? தலைவியா? எரு எது? சொல்லிப் பார்த்தால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம். இங்கே நடப்பது ஒப்புமை இல்லை, முரண். கருப்பொருளைச் சொல்லி அதற்கு அப்பால் ஒரு பொருளைத் தோன்றவைப்பது என்ற அளவில் இறைச்சி என்று எழுத இடமுண்டு. எழுதினால் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். தற்குறிப்பேற்றம் என்பதும் ஒட்டாது. குருவியின் இயல்பான செயலுக்குப் புலவர் வேறொரு காரணத்தை ஏற்றிச் சொல்லவே இல்லை. துன்பம் என்ற அடை கிடைத்திருப்பது மாலைக்கு மட்டும். ‘புன்கண் மாலை’ என்றால் துன்பம் தரும் மாலை. குருவிகள் நன்றாகத்தான் இருக்கின்றன.

திணை பற்றி ஒரு வார்த்தை. பதிப்புகளில் மருதம் என்று குறித்திருப்பார்கள். மாலையோ முல்லைக்கு உரிய சிறுபொழுது. காத்திருத்தலும் முல்லையின் உரிப்பொருள். குழம்ப வேண்டாம், ஒரு திணைக்கு உரியது இன்னொன்றில் கலந்து வரும் திணை மயக்கம் சங்கப் பாட்டில் இயல்பு. தேர்வில் திணை கேட்டால் கையிலுள்ள பதிப்பு சொல்வதை எழுதுங்கள்.

ஓசைக்கு வருவோம். எதுகை மோனையைப் பட்டியல் போடுவது எளிது, பயன்தான் குறைவு. ஆம்பல், சாம்பல், கூம்பிய: மூன்றிலும் முதலெழுத்து நெடில், இரண்டாம் எழுத்து ‘ம்’. உதட்டை மூடாமல் ‘ம்’ சொல்ல முடியாது. குவிதலைப் பற்றிய அடிகளில் வாய் மூன்று முறை குவிகிறது. இது திட்டமிட்டதா என்று நிறுவ முடியாது. கேட்கிறது என்பதை மட்டும் சொல்லலாம். ‘மாந்தி மன்றத்து’ என்பது மோனை. ‘முன்றில்’, ‘மன்றத்து’ என்பதில் எதுகை. புன்கண், இன்றுகொல் என்று கடைசி இரண்டு அடிகளும் எதுகையால் கட்டப்பட்டிருக்கின்றன.

யாப்பில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று, அது முக்கியமானது. இது நேரிசை ஆசிரியப்பா. எல்லா அடிகளிலும் நான்கு சீர். ஈற்றயலடியில், அதாவது கடைசிக்கு முந்தின அடியில் மட்டும் மூன்று. அந்தக் குறைந்த அடியில் எந்தச் சொற்கள் விழுந்திருக்கின்றன என்று பாருங்கள்: புன்கண் மாலையும் புலம்பும். ஐந்து அடிகள் குருவிகளோடு நான்கு நான்காக நடந்து வந்து, தனிமை என்ற சொல்லில் ஒரு சீர் குறைந்து நிற்கிறது. அந்த இடத்தில் அடி குறைய வேண்டும் என்பது யாப்பு விதி. அதற்குப் புலவரைப் பாராட்ட வேண்டியதில்லை. அங்கே எந்தச் சொல் நிற்க வேண்டும் என்பது அவருடைய முடிவு, பாராட்டு அதற்கு.

இன்னொன்று, எளிதில் கண்ணுக்குத் தப்புவது: இந்தப் பறவைப் பாட்டில் பறத்தல் இல்லை. வினைச்சொற்களை எல்லாம் வரிசையாக எழுதிப் பாருங்கள். கூம்பிய, உறை, மாந்தி, குடைவன, ஆடி, வதியும். குருவி முற்றத்திலிருந்து மன்றத்துக்குப் பறந்துதான் போயிருக்கும்; புலவர் அதைச் சொல்லவில்லை. இடம்விட்டுப் போவதைக் காட்டும் வினை பாட்டில் ஒன்றே ஒன்றுதான்: ‘சென்ற’. அது சிறகில்லாத ஒருவனுக்கு.

எழுதும்போது எப்படிப் பங்கிடுவது? ஒரு பக்க விடை என்றால் பொருள் சுருக்கத்துக்கு மூன்று வரி போதும். உவமைக்கு ஒரு பத்தி, தன்மையணியான மூன்று அடிகளுக்கு இரண்டு பத்தி, வாக்கிய அமைப்புக்கும் ஈற்றயலடிக்கும் ஒரு பத்தி. எதுகை மோனை இரண்டு வரியில் முடியட்டும். ‘இப்பாடலில் உவமையணி சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது. குருவியின் சிறகு ஆம்பல் பூவோடு ஒப்பிடப்பட்டுள்ளது’ என்பது போன்ற வாக்கியம் எந்தப் பாட்டுக்கும் பொருந்தும். அதனாலேயே அதற்கு மதிப்பில்லை. ‘மலர்ந்த பூவை விட்டுவிட்டு வாடிக் குவிந்த ஆம்பலைத் தேர்ந்ததால், மடக்கிய சிறகின் வடிவும் கோடோடிய பழுப்பு நிறமும் ஒரே உவமையில் கிடைக்கின்றன, கூம்பிய என்ற பூவுக்குரிய வினையும் சிறகுக்கு வந்து அந்த ஒப்புமையை நீட்டுகிறது’ என்று எழுதினால் அது இந்தப் பாட்டைத் தவிர வேறு எதற்கும் பொருந்தாது. விடையைச் சரிபார்க்க இதுவே நல்ல சோதனை: பாட்டின் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் எந்தப் பாட்டு என்று தெரிய வேண்டும்.

இதே முறையை வேறு பறவைப் பாட்டுகளிலும் வைத்துப் பார்க்கலாம். சத்திமுத்தப் புலவரின் ‘நாராய் நாராய் செங்கால் நாராய்’ எல்லாருக்கும் தெரிந்தது. ‘பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்’ என்ற தொடரில் ஓர் அலகுக்கு இரண்டு உவமைகள். நேராகப் பிளந்த பனங்கிழங்கு, நீண்டு நுனி கூர்ந்த இரண்டு பாதிகளாக நிற்கும், அது வடிவத்துக்கு. ஆனால் கிழங்குக்கு அந்தச் சிவப்பு இல்லை, அதற்காகப் பவளம். மெய்க்கு ஒன்று, உருவுக்கு ஒன்று என்று வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். இதைக் கவனிக்காமல் ‘பனங்கிழங்கு போலச் சிவந்த அலகு’ என்று எழுதுபவர்கள் ஏராளம். குளிர்காலத்தில் தெற்கே வந்து வடக்கே திரும்பும் செங்கால் நாரைக்கு அலகும் காலும் சிவப்பு என்பதால், புலவர் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். உருபையும் கவனியுங்கள்: ‘பிளந்தன்ன’வில் உருபு வெளிப்படை, ‘பவளக் கூர்வாய்’ உருபு மறைந்த உவமைத்தொகை.

குறுந்தொகை 25இல் கபிலர் வேறு விதமாகச் செய்கிறார். களவில் கூடிய நாளில் சாட்சி யாரும் இல்லை, அவன் மறுத்தால் நான் என்ன செய்வேன் என்று தலைவி சொல்லிவிட்டு, ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால, ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு’ என்கிறாள். தினைத்தாள் மெலிந்தது, பசியது. ‘சிறு’ என்று மெய்யையும் ‘பசு’ என்று உருவையும் அவரே எடுத்துச் சொல்லிவிடுகிறார், நாம் தேட வேண்டியதில்லை. இதுவும் நேரிசை ஆசிரியப்பா. இங்கே குறைந்த அடியில் நிற்பது ‘ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்’. அந்த இடத்தில் இருந்த ஒரே சாட்சி, ஓடும் நீரில் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.